தாமதத்துக்கு இரண்டு அளவுகோல் கூடாது

இந்தியாவில் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு வரி இல்லை. 1953 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருந்த எஸ்டேட் வரி, 1985 மார்ச் 16 முதல் நேரும் இறப்புகளுக்குப் பொருந்தாது என்று அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் அறிவித்தார். ஒரு காலத்தில் 85 சதவீதம் வரை உயர்ந்திருந்த வரி அது. அதனால் கிடைத்த வருவாயோ ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது. வசூலிக்கும் செலவு அதிகம், வரவு குறைவு, வாரிசுகளுக்கு அலைச்சல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்த வரி போய் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால், ஒருவர் இறந்தபின் அவருடைய குடும்பம் செய்யவேண்டிய காரியங்களில் நாள் தவறினால் விழும் வட்டியும் அபராதமும் போகவில்லை. அவை யார்மீது எவ்வளவு கடுமையாக விழுகின்றன, யாரைத் தொடாமல் விடுகின்றன என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டத்தின் சித்தன்னவாசலை ஊரறியும். அறிவர் கோயிலின் ஓவியங்களைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியருக்கான கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில், யார் யாருக்காக அந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உரிமைப் பதிவு அது, இன்றும் படிக்கலாம். குன்றைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில் நிலைமை வேறு. பட்டா தாத்தாவின் பெயரிலேயே கிடக்கிறது, மகன் உழுகிறான், பேரன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறான். தமிழகக் கிராமங்களில் இது புதிய செய்தியல்ல. பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும்போதும், பயிர்க்காப்பீட்டுக்கு எழுதும்போதும், பிரதமரின் விவசாயி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பழைய பெயர் குறுக்கே வந்து நிற்கிறது. எந்த வரியும் விதிக்கப்படாத சொத்துக்கு இப்படித் தண்டம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் சிறிய மனிதர்கள்தாம்.

வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் வரித்துறையின் கை இந்த ஊர்களுக்கு நீளாது என்று நினைப்பது தவறு. ஒவ்வோர் ஊரிலும் ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் இருக்கிறார். கடை வைத்திருப்பவர் இருக்கிறார். வங்கியில் வைப்புத்தொகை போட்டு வட்டி வாங்குபவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஜூன் மாதக் கடைசியில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நிதியாண்டுக்கான அவரது கணக்கை ஜூலை 31க்குள் தாக்கல் செய்யவேண்டும். அவர் இல்லை, ஆகவே வாரிசு செய்யவேண்டும். அதற்கு முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அடுத்து வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணை முடிந்து, வட்டாட்சியர் கையெழுத்திடவேண்டும். பிறகு வரித்துறையின் இணையதளத்தில் சட்டப்படியான பிரதிநிதியாகப் பதிவுசெய்து ஒப்புதல் பெறவேண்டும். அதன்பின்தான் கணக்கையே தொடமுடியும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கெடுவில் பாதி கரைந்துவிடும்.

நாள் தவறினால் நடப்பது இது. மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். அதற்குக் குறைவாக இருந்து வரிவரம்புக்குள் வந்தால் 1,000 ரூபாய். கட்டவேண்டிய வரி பாக்கியிருந்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதமாகவே கணக்கிடப்படும். காரணம் துக்கமா, அலட்சியமா, அலுவலகத்தின் மந்தமா என்று கணினி கேட்பதில்லை. கட்டணத்தைச் சேர்த்துக் கட்டினால்தான் கணக்கு உள்ளே போகும்.

வட்டி வாங்குவதில் நமக்கு மாறுபாடில்லை. பொதுப் பணத்தைத் தன் கையில் வைத்திருந்தவர் அதற்குரிய காலத்தின் விலையைக் கொடுப்பது நியாயம். இன்னொருவர் நாளில் கட்டியிருக்கும்போது, தாமதித்தவருக்கு இலவசக் கடன் கொடுக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. அபராதம் வேறு வகை. அது தவறுக்கான தண்டனை. தவறு நிரூபிக்கப்படாமல் தண்டனை விதிப்பது நீதிமன்றத்தில் ஏற்கப்படாது. வருமான வரி அலுவலகத்தில் மட்டும் அது எப்படி ஏற்கத்தக்கதாகும்? வட்டியையும் அபராதத்தையும் ஒரே பொத்தானில் அழுத்தி வசூலிக்கும் முறை இந்த வேறுபாட்டை அழித்துவிட்டது.

தமிழ்மண்ணில் இந்த வேறுபாடு பழையது. முதலாம் இராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த உக்கல் ஊர்க் கல்வெட்டில் இருக்கிறது. பிராமணர் ஊர்கள், வைகானசர் ஊர்கள், சமணர் ஊர்கள் ஆகியவற்றில் நிலவரி கட்டாதவர்களைப் பற்றியது அது. அவர்களுடைய நிலத்தை ஊராரே விற்று வரியை ஈடுகட்டலாம் என்கிறது. கடுமையான ஆணைதான். ஆனால் அந்தக் கடுமை முதல் நாளிலேயே பாயவில்லை. இரண்டு முழு ஆண்டுகள் கட்டாமல் இருந்தவர்கள் மீதே பாய்ந்தது. கையில் இருக்கும் தண்டத்தை எடுப்பதற்கு முன் காத்திருக்கவேண்டும் என்ற நிதானம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய முடியாட்சிக்கு இருந்தது. குடியாட்சியின் கணினிக்கு அது இல்லை.

இதைவிடக் கவலை தருவது, அரசு தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வேறோர் அளவுகோல். குடிமகன் அரசுக்குத் தரவேண்டிய வரி ஒரு மாதம் தாமதமானால் வட்டி 1 சதவீதம். அரசு குடிமகனுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் ஒரு மாதம் தாமதமானால் வட்டி 0.5 சதவீதம். 20,000 ரூபாயை ஓராண்டு தாமதமாகக் கட்டும் வாரிசு 2,400 ரூபாய் வட்டி கொடுக்கிறார். அதே 20,000 ரூபாயை அரசு ஓராண்டு வைத்திருந்தால் 1,200 ரூபாய் கொடுக்கிறது. திருப்பித் தரும் தொகை, தீர்மானிக்கப்பட்ட வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வட்டியும் இல்லை. தாமதத்தை மன்னிக்கச்சொல்லி விண்ணப்பித்துப் பெறும் தொகைக்கும் வட்டி இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் என நாள் குறித்து இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியது; மொழியை எளிமையாக்கியது; இந்த ஏற்றத்தாழ்வைத் தொடவில்லை. எளிமை வேண்டியது சொற்களில் மட்டுமா?

உலகில் இதற்கு மாற்று இல்லையென்று சொல்லமுடியாது. அமெரிக்காவில் எஸ்டேட் வரி இன்றும் உண்டு. இறந்த ஒன்பது மாதங்களுக்குள் கணக்குத் தரவேண்டும். தராவிட்டால் மாதத்துக்கு 5 சதவீதம் வீதம் 25 சதவீதம் வரை அபராதம் ஏறும். இந்தியா தன் எஸ்டேட் வரியைக் கைவிட்ட அதே 1985இல், அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் பாயில் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. தாயின் சொத்துக்கான கணக்கை வழக்கறிஞர் மறந்ததால் மூன்று மாதம் தாமதமாகத் தாக்கல் செய்தவர் அவர். வழக்கறிஞரை நம்பினேன் என்பது போதிய காரணமாகாது, நாளைக் கவனிக்கவேண்டியது உயிலை நிறைவேற்றுபவரின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. இரக்கமற்ற தீர்ப்பு என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் நியாயமான காரணம் இருந்தால் அபராதம் இல்லை என்ற வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதைத்தான் நீதிபதிகள் அளந்தார்கள். தனிநபரிடம் வாங்கும் வட்டியும் தனிநபருக்குக் கொடுக்கும் வட்டியும் அங்கே ஒரே விகிதம். கடுமையாக இருக்கும் அரசு சமமாகவும் இருக்கமுடியும் என்பதற்கு அது சான்று.

இங்கும் வாசல் முற்றாக அடைக்கப்பட்டிருக்கவில்லை. தவிர்க்க இயலாத சூழலால் தாமதமாகி, துறை கண்டுபிடிப்பதற்கு முன் வரிதாரரோ அவருடைய வாரிசோ தாமாகவே கணக்குத் தாக்கல் செய்தால், வட்டியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ தலைமை ஆணையருக்கு அதிகாரம் உண்டு. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2006ஆம் ஆண்டு உத்தரவு அது. வாரிசு என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆனால், சித்தன்னவாசல் பக்கத்துக் கைம்பெண் ஒருவருக்கு இந்த உத்தரவு இருப்பதை யார் சொல்வார்கள்? தாமதக் கட்டணத்தைக் கட்டச்சொல்லும் திரையில் இந்தச் சலுகை பற்றி ஒரு வரி எழுத என்ன தடை? தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் கருணையைச் சட்டத்தின் கருணை என்று சொல்வதற்கில்லை.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பெரியவர்களின் தாமதத்துக்கு இந்த நாட்டில் நேர்வது வேறு. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா, அவர் பங்குதாரராக இருந்த சசி எண்டர்பிரைசஸ் ஆகியோர் 1990களின் தொடக்க ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று துறை வழக்குத் தொடுத்தது. வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனுக்களிலேயே ஆண்டுகள் ஓடின. உரிய நாளில் கணக்குத் தராததே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 30 அன்று தெளிவாகச் சொல்லி, விசாரணையை முடிக்கக் கெடு விதித்தது. அதன்பின் சமரசத் தொகை செலுத்தப்பட்டது, துறை ஏற்றுக்கொண்டது, வழக்கு முடிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுத் தாமதத்துக்குப் பின் பணத்தால் முடிந்த வழக்கையும், இருபது நாள் தாமதத்துக்குக் கணினி உடனே எடுத்துக்கொண்ட 5,000 ரூபாயையும் ஒரே சட்டப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் என்று ஏற்க மனம் மறுக்கிறது.

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தபோது உயில் இல்லை. வாரிசுகள் யார் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில்தான் தீர்மானித்தது. போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தைக் கையகப்படுத்துவதற்காக அதே ஆண்டு ஜூலையில் தமிழக அரசு சுமார் 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தியது. அதில் சுமார் 36.9 கோடி ரூபாய் வருமான வரி, செல்வ வரி நிலுவைகளுக்கானது. ஒரு தனிமனிதரின் வரி நிலுவைக்கு மக்கள் பணத்தை எடுத்துவைக்கும் நிலை வந்தது. 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்திராவிட்டால் அது அப்படியே நடந்திருக்கும். நிலுவைகளை உரிய காலத்தில் வசூலிக்காத துறையும், அந்தச் சுமையைப் பொதுக் கருவூலத்தின் தோளில் ஏற்றத் துணிந்த அரசும் இதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள்.

வழக்காடுபவருக்கு வரும் சலுகையும் இங்கே நினைக்கத்தக்கது. 2020இல் கொண்டுவரப்பட்ட ‘விவாத் சே விஷ்வாஸ்’ திட்டம், தகராறில் இருந்த வரியைக் குறித்த நாளுக்குள் கட்டினால் வட்டியையும் அபராதத்தையும் முழுவதுமாக விட்டுக்கொடுத்தது. 2024இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. வழக்குகள் குறையவேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் இதிலிருந்து மக்கள் கற்கும் பாடம் என்ன? வழக்குப் போட்டு இழுத்தவருக்குத் தள்ளுபடி. தாமதமானாலும் தாமாக வந்து கட்டியவருக்குத் தண்டம். நேர்மைக்கு நட்டம் வைக்கும் எந்த ஏற்பாடும் வரி ஒழுக்கத்தை வளர்க்காது. இதற்கு மாறாக, தமிழக அரசு 2023இல் வணிகவரி நிலுவைகளுக்குக் கொண்டுவந்த சமாதானத் திட்டம் 50,000 ரூபாய்க்குக் குறைவான நிலுவைகளை வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றோடும் தள்ளுபடி செய்தது. சிறியவரை முதலில் விடுவிக்கும் அந்தத் திசை சரியானது.

மாநில அரசின் கணக்கும் சுத்தமாக இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரி பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. நாளில் கட்டுபவருக்குப் பாராட்டு, தவறுபவருக்கு வட்டி என்ற இந்த முறையில் பிழையில்லை. ஆனால் இறந்தவரின் பெயரிலிருந்து வரிக்கேட்பைத் தன் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் கேட்கும் அலுவலகமும் அரசுடையது. அந்தச் சான்றிதழைத் தாமதிக்கும் அலுவலகமும் அரசுடையது. பட்டா உட்பிரிவுக்கு நில அளவர் வருவதற்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு யார் நாளொன்றுக்கு எவ்வளவு தருகிறார்கள்? மத்தியப் பிரதேசம் 2010இலேயே பொதுச்சேவை உத்தரவாதச் சட்டத்தை இயற்றி, கெடு தவறும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் வைத்தது. கர்நாடகத்தின் ‘சகாலா’ காத்திருக்கும் குடிமகனுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் இழப்பீடு தரச்சொல்கிறது. தொகை சிறிது, கொள்கை பெரிது. தமிழகத்தில் சேவை உரிமைச் சட்டம் நெடுங்காலமாகக் கோரிக்கையாகவும் தேர்தல் வாக்குறுதியாகவும் மட்டுமே வாழ்கிறது. ஆட்சிகள் மாறினாலும் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை நிலவுகிறது.

அரசைக் கேட்டதோடு நம் கடமை முடியாது. வாரிசுகளின் தாமதமெல்லாம் துக்கத்தால் வருவதல்ல. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு கடந்தால் நடுவரின் உத்தரவு வேண்டும். இதைத் தெரிந்தும் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அண்ணன் தம்பி தகராறில் யாரும் கையெழுத்துப் போடாமல் சொத்தை ஆண்டுக்கணக்கில் முடக்குபவர்கள் உண்டு. இவற்றையெல்லாம்விடக் கொடியது, உடன்பிறந்த பெண்களின் பெயரை வாரிசுப் பட்டியலில் சேர்க்க மனமில்லாமல் காலம் கடத்துவது. தமிழகம் 1989இலும் நாடு 2005இலும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமையைச் சட்டமாக்கின. சட்டத்தை நேராக மறுக்கத் துணியாதவர்கள் தாமதத்தால் மறுக்கிறார்கள். அக்கா தங்கைகள் அலுத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும்வரை பட்டா மாறுவதில்லை. இந்தத் தாமதத்துக்கு எந்த அலுவலகமும் வட்டி போடுவதில்லை. ஆனாலும் இது களவு. சமூகம் இதை அந்தப் பெயரால்தான் அழைக்கவேண்டும்.

2024 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசு வரியைக் குறிப்பிட்டுப் பேசியதும் நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. தாலியைப் பறிப்பார்கள் என்றுகூட மேடைகளில் பேசப்பட்டது. வாரிசு வரி மீண்டும் வரவேண்டுமா என்பது தனி விவாதம். அதை நிதானமாக நடத்தலாம். இல்லாத வரியைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், இருக்கும் தண்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதே நம் குறை. பெருஞ்செல்வத்தைக் காக்க எழும் குரல் ஓய்வூதியரின் குடும்பத்துக்காக எழுவதில்லை.

செய்யவேண்டியவை தெளிவானவை. குடிமகனிடம் வாங்கும் வட்டியும் குடிமகனுக்குக் கொடுக்கும் வட்டியும் ஒரே விகிதமாகவேண்டும். வரிதாரர் இறந்துவிட்டால், கணக்குத் தாக்கலுக்கான கெடு வாரிசுச் சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படவேண்டும். அதற்கு முன் தாமதக் கட்டணம் கூடாது. வட்டி தொடரட்டும், அது பணத்தின் விலை. அபராதம், தவறு உண்டென்று ஓர் அலுவலர் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட பின்னரே விதிக்கப்படட்டும். 2006ஆம் ஆண்டு உத்தரவின் சலுகை, கட்டணம் கேட்கும் அதே திரையில் தமிழில் தெரியவேண்டும். பெரும் நிலுவைகள் மீதான குற்ற வழக்குகள் காலவரம்புக்குள் முடியவேண்டும். அவற்றைப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் ஏற்பாடு, நீதிமன்றத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தவர்களுக்குக் கிடைக்கக்கூடாது. தமிழக அரசு சேவை உரிமைச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவரவேண்டும். வாரிசுச் சான்றிதழும் பட்டா மாற்றமும் அதன் முதல் அட்டவணையில் இடம்பெறவேண்டும்.

நாளில் கட்டு என்று சொல்லும் உரிமை, நாளில் கொடுப்பவருக்கே உண்டு. அந்தத் தகுதியை மத்திய அரசும் மாநில அரசும் இன்னும் ஈட்டவில்லை என்பதே நம் தீர்ப்பு. ஈட்டும்வரை, துக்க வீட்டில் வசூலிக்கப்படும் ஒவ்வொரு தாமதக் கட்டணமும் சட்டப்படி சரியாக இருக்கலாம், அறத்தின்படி தவறு.